பனிமலையில் ஒரு மாதம்: சிறு குழந்தையின் வெப்பக் கணக்கு

சுவிட்சர்லாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1560 மீட்டர் உயரத்தில் தாவோஸ் என்ற ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு விளையாடப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் கூடுகிறார்கள். ஆனால் அந்த ஊருக்குப் பெயர் வந்தது விளையாட்டால் அன்று, நோயால். காசநோய்க்கு மருந்து இல்லாத அந்தக் காலத்தில், மலைக்காற்றும் வெயிலும் அதைக் குணப்படுத்தும் என்று நம்பி நோயாளிகளை அங்கே அழைத்து வந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் நோயுற்ற மனைவியோடு அங்கே போய்த் தங்கியவர்தாம். தங்கிய காலத்தில் நீண்ட மரப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பழகி, 1894-இல் தாவோசிலிருந்து மலை கடந்து அரோசா என்னும் ஊருக்குச் சறுக்கிப் போனார்.

கார்ல் டோர்னோ என்ற ஜெர்மானிய வணிகரும் அப்படித்தான் வந்தார். அவருடைய மகளுக்குக் காசநோய். வெயில் நல்லது, வெயில் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த வெயிலில் இருப்பது என்ன, எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அந்தத் தந்தைக்கு எழுந்தது. 1907-இல் தம் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கதிரவனின் கதிர்களை, அதிலும் சிறப்பாகப் புற ஊதாக் கதிர்களை, அளக்கத் தொடங்கினார். அந்த ஆய்வுக்கூடம் இன்றும் தாவோசில் நடைபெறுகிறது. 1971 முதல் அது உலகக் கதிர்வீச்சு மையமாகவும் விளங்குகிறது.

ஒரு குழந்தைக்காக மலையேறியவர் கையில் அளவுகருவியை எடுத்துக்கொண்டார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மாணவ நண்பர்களே, நாமும் ஒரு கற்பனைக் குடும்பத்துக்குப் பயணத் திட்டம் போட்டுப் பார்ப்போம். ஆம்ஸ்டர்டாம் நகரில், கடல் மட்டத்தில் வாழும் குடும்பம் அது. தந்தை, தாய், நான்கு வயதுப் பெண் குழந்தை. நெதர்லாந்து நாட்டில் ஐந்து வயதில்தான் கட்டாயப் பள்ளி தொடங்குகிறது. ஆகவே ஒரு மாதம் முழுவதும் தாவோசில் வீடு எடுத்துத் தங்கிப் பனிச்சறுக்குப் பழக வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் பனியைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன? நியூட்டனின் விதிகளும் வெப்பத்தின் விதிகளும் ஊர் பார்த்து மாறுவதில்லை.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரியைத் தள்ளிவிடலாம். உலகப் பொருளாதார மாமன்றத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கமாக ஜனவரியில்தான் தாவோசில் நடக்கிறது. அப்போது அங்கே அறை கிடைப்பதே அரிது. இயற்பியல் சொல்லும் காரணம் வேறு. தாவோஸ் வட அட்சம் 46.8 பாகையில் இருக்கிறது. ஜனவரி நடுவில் நண்பகல் கதிரவன் அடிவானத்திலிருந்து 22 பாகை உயரம்தான் ஏறுகிறான். பிப்ரவரி நடுவில் 30 பாகை. மார்ச் நடுவில் 41 பாகை. சமதரையின் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் இந்தக் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது என்பதை அறிவீர்கள். அட்டவணையைப் பாருங்கள்: சைன் 22 பாகை 0.37, சைன் 41 பாகை 0.66. இரண்டே மாதத்தில் வெயில் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடுகிறது. மார்ச் முடிவிலோ பகல் வெயிலில் பனி உருகிச் சேறுபோல் ஆகத் தொடங்கும். ஆகவே பிப்ரவரி 20 முதல் மார்ச் 20 வரை என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வருவதால் முதல் வாரங்களில் கூட்டம் இருக்கும். ஒரு வாரத்துக்கு வந்தவர்களுக்குத்தான் அது தொல்லை. ஒரு மாதம் தங்குபவர்கள் சனி, ஞாயிறு இரண்டையும் ஓய்வு நாளாக்கிக் கொண்டால் தீர்ந்தது.

பால் ஆறும் கதை

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். அடுப்பிலிருந்து இறக்கிய பாலைக் குண்டானில் கொஞ்சமும் தம்ளரில் கொஞ்சமுமாக ஊற்றி வைத்தால் எது முன்னே ஆறும்? தம்ளர்ப் பால்தான் என்று வீட்டில் யாரும் சொல்வார்கள். காரணம் என்ன? ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பருமன் 1 கன செ.மீ.; மேற்பரப்பு 6 சதுர செ.மீ. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் பருமன் 8, மேற்பரப்பு 24. அதாவது பருமன் 8 மடங்கு ஆகும்போது மேற்பரப்பு 4 மடங்குதான் ஆகிறது. வெப்பம் தங்கியிருப்பது பருமனில். தப்பி ஓடுவது மேற்பரப்பின் வழியே. ஆகையால் சிறிய பொருள் தன்னிடமுள்ள வெப்பத்தை விரைவில் இழக்கிறது.

நம் குழந்தையின் எடை 16 கிலோ, உயரம் 102 செ.மீ. என்க. இத்தகைய குழந்தையின் தோல் பரப்பு ஏறத்தாழ 0.67 சதுர மீட்டர். தந்தை 70 கிலோ, 170 செ.மீ.; அவருடைய தோல் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பாருங்கள். குழந்தைக்கு 420 சதுர செ.மீ.; தந்தைக்கு 260 சதுர செ.மீ. குழந்தை ஒரு கிலோவுக்கு 1.6 மடங்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது!

"குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்கு உண்டாகும் வெப்பமும் அதிகம்தானே?" என்று கேட்கும் மாணவர் உண்டு. நல்ல கேள்வி. ஓய்வாக இருக்கும்போது தந்தையின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. குழந்தையின் உடல் 50 ஜூலுக்குச் சற்றுக் குறைவாக. கிலோவுக்குக் கணக்கிட்டால் குழந்தையே முந்துகிறது. பரப்புக்குக் கணக்கிட்டால் இருவருக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பின் எங்கே வேறுபாடு? சேமிப்பில். உடலின் தன் வெப்பம் கிலோவுக்குப் பாகைக்கு 3.5 கிலோஜூல். குழந்தையின் உடல் ஒரு பாகை குளிர 56 கிலோஜூல் போனால் போதும். தந்தைக்கு 245 கிலோஜூல் போகவேண்டும். இருவரும் ஒரே துணி உடுத்தி, ஒரே காற்றில், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வரவுக்கு மேல் செலவு ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 75 ஜூல் என்று கொள்வோம். குழந்தையின் பற்றாக்குறை நொடிக்கு 50 ஜூல். தந்தையின் பற்றாக்குறை 135 ஜூல். வகுத்தால் குழந்தை ஒரு பாகை குளிர 19 நிமிடம். தந்தை ஒரு பாகை குளிர 30 நிமிடம். உண்மையில் உடல் இப்படிச் சும்மா இருந்து ஏமாறாது. தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, நடுங்கி, உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவை கைவிரல்களும் கால்விரல்களும் காதுகளும் மூக்கும்தான். அவை முன்னதாகவே சில்லிட்டுப் போகும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேலே உள்ள கணக்கில் தந்தையும் சும்மா உட்கார்ந்திருந்தார். பனிச்சறுக்கில் அவர் சும்மா இருப்பதில்லை. தசைகள் உழைக்கும்போது அவர் உடலில் நொடிக்கு 500 ஜூலுக்கு மேலும் வெப்பம் உண்டாகும். அவருக்கு வியர்க்கும். குழந்தையை முதுகுப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு அவர் பனியில் நடந்தால் அல்லது சறுக்கினால், முதுகுக்கு முன்னால் 500 ஜூல். முதுகுக்குப் பின்னால் அசையாமல் தொங்கும் கால்களோடு 50 ஜூல். வியர்க்கும் மனிதருக்குக் குளிர் தெரியாது. பின்னால் இருப்பது தூங்கிவிட்டது என்று அவர் நினைப்பார். பையின் பட்டைகள் தொடையை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கவும் செய்யும். இப்படித்தான் சிறு குழந்தைகளின் கால்கள் உறைபனிக் காயம் அடைகின்றன. இந்தப் பயணத்தில் நான் மிகவும் அஞ்சுவது செங்குத்து மலைகளுக்கு அன்று. இந்த முதுகுப் பைக்குத்தான். நம் திட்டத்தில் அதற்கு இடமில்லை. தொங்கு நாற்காலியில் நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்து போவதும் ஏறத்தாழ இதே கதைதான்.

பரிசோதனை ஒன்று சொல்கிறேன்; பனி இல்லாத ஊரிலும் செய்யலாம். ஒரே உலோகத்தாலான ஒரு சிறு தம்ளரிலும் ஒரு பெரிய பாத்திரத்திலும் 70 பாகை வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் போடுங்கள். பின்னர் தம்ளரைக் காய்ந்த துணியால் சுற்றி ஒருமுறை, ஈரத் துணியால் சுற்றி மின்விசிறியின் கீழ் ஒருமுறை செய்யுங்கள். மூன்றாவது கோடு எப்படிச் சரிகிறது பாருங்கள்!

துணி நம்மைச் சூடாக்குவதில்லை; துணி இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. தண்ணீரோ காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பனியில் விழுந்து புரண்டு நனைந்த கையுறை, கையுறையே இல்லாததற்குச் சமம். ஆகவே பெட்டியில் குழந்தைக்கு அழகான ஒரு மேல்சட்டையைவிட, மூன்று நான்கு சோடிக் கையுறைகள் இருப்பது நல்லது. அதுவும் விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம். நான்கு விரலுக்கும் ஒரே பையும் கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறையும் உள்ளதே நல்லது. ஏன்? கனசதுரக் கணக்கை விரல்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

காற்றின் கடி

1939 முதல் 1941 வரை அண்டார்க்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, காற்று வீசும் வேகத்துக்கேற்ப அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். காற்றுக் குளிர் என்ற கருத்து அப்படிப் பிறந்தது. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அந்த வாய்பாட்டைத் திருத்தின. திருத்திய வாய்பாட்டின்படி, காற்றின் வெப்பநிலை கழித்தல் 10 பாகையாக இருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் முகத்துக்குக் கழித்தல் 18 பாகை போல் இருக்கும், 40 கி.மீ. வேகமானால் கழித்தல் 21 பாகை போல்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்று நம்மீது வீசினாலும், நாம் காற்றின்மீது பாய்ந்தாலும் தோலுக்கு ஒன்றே. தாவோஸ் சறுக்குவண்டிக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்து குளோஸ்டர்ஸ் வரை பன்னாட்டுச் சறுக்குவண்டிப் போட்டி 1883-இலேயே நடந்திருக்கிறது. அசைவற்ற காற்றில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சறுக்குவண்டி ஓடினால், முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கழித்தல் 18 வந்துவிட்டது. பின்னால் அமர்ந்த தந்தைக்குக் குழந்தையே திரை! மேலும் அந்த வாய்பாடு வளர்ந்தவரின் முகத்தை வைத்துக் கணக்கிட்டது. சிறிய மூக்கு இன்னும் விரைவில் குளிரும். வெப்பமானி கழித்தல் 15-க்குக் கீழே போன நாளிலும், மலைமேல் பலத்த காற்று என்று அறிவித்த நாளிலும் குழந்தை ஊருக்குள் பனிப் பொம்மை செய்யட்டும்.

காதும் மூச்சும்

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1013 மில்லிபார். தாவோசில் அது ஏறத்தாழ 840 மில்லிபார். பார்சென் மலைக்குச் செல்லும் இழுவை ரயில் 1931-லும் 1932-லும் இரு பகுதிகளாகத் திறக்கப்பட்டது. அது ஏறி நிற்கும் வைஸ்ஃப்ளூயோக் என்ற இடம் 2660 மீட்டருக்கு மேல். அங்கே அழுத்தம் ஏறத்தாழ 730 மில்லிபார்தான். காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒரு மூச்சில் வரும் அளவு தாவோசில் நூற்றுக்கு 83 பங்காகவும், மேலே 72 பங்காகவும் குறைகிறது.

உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வளர்ந்தவர் தலைவலிக்கிறது என்பார். நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளும், இரவில் தூங்காது, சில சமயம் வாந்தி எடுக்கும். பிடிவாதம் என்று பெற்றோர் அதட்டினால் தவறு குழந்தையினுடையது அன்று. அப்போது கீழே இறங்குவதே மருந்து. தாவோஸ் உயரத்தில் தூங்குவது பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொல்லை தராது. 2500 மீட்டருக்கு மேல் உள்ள விடுதியில் இரவு தங்குவது சிறு குழந்தைக்கு வேண்டாத சோதனை.

காதுக் கணக்கு சுவையானது. லாண்ட்குவார்ட் நிலையம் 523 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தாவோசுக்கு 1890 முதல் மலை ரயில் ஓடுகிறது. அந்த ஏற்றத்தில் அழுத்தம் ஏறத்தாழ 110 மில்லிபார் குறைகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இழுவை ரயிலில் தாவோசிலிருந்து வைஸ்ஃப்ளூயோக் போகும்போதும் குறைவது ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் சில நிமிடங்களில்! செவிப்பறையின் பரப்பு 0.6 சதுர செ.மீ. அளவு. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சளியால் அடைத்திருந்தால், 110 மில்லிபார் வேறுபாடு அந்தச் சிறு சவ்வை ஏறத்தாழ 65 கிராம் எடையோடு அழுத்தும். மூக்கடைத்த குழந்தை அலறுவதில் வியப்பில்லை. விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும். ஆகவே ஏறும்போதும், முக்கியமாக இறங்கும்போதும், பாலோ தண்ணீரோ மிடறு மிடறாகக் கொடுக்கவேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று மலை இல்லை.

பலகை ஏன் வழுக்குகிறது?

பலகை அழுத்துவதால் பனி உருகுகிறது, அந்த நீரில் வழுக்குகிறது என்று பல பழைய நூல்களில் இருக்கும். கணக்குப் போட்டால் இது நிற்காது. 70 கிலோ மனிதரின் எடை, 160 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமுமுள்ள இரு பலகைகளில் பரவினால் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3000 நியூட்டன். பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு பாகை இறக்க அதைப்போல் 4000 மடங்குக்கு மேல் வேண்டும்! 80 செ.மீ. பலகையில் நிற்கும் நம் குழந்தையின் அழுத்தமோ தந்தையினுடையதில் பாதிகூட இல்லை. அவளும் வழுக்கத்தான் செய்கிறாள். 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலை ஆய்வு நிலையத்தில் அளந்து பார்த்து, உராய்வினால் உண்டாகும் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அதுவும் முழு விடை அன்று. உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேல்படலத்து மூலக்கூறுகள் இறுகப் பிணைக்கப்படாமல் நெகிழ்ந்திருக்கின்றன. ஃபாரடே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஊகித்தார். கடுங்குளிரில் பனி மணல்போல் பிடிக்கும். ஈரப் பனி பலகையை உறிஞ்சி இழுக்கும். இடைப்பட்ட நிலையில்தான் நன்றாக வழுக்கும்.

எவ்வளவு வேகம் வரும் என்று பார்ப்போம். உராய்வுக் கெழு 0.05 என்று கொண்டால், 3 பாகைச் சரிவிலேயே பலகை தானாக நகரத் தொடங்கும். 5 பாகைச் சரிவில் 20 மீட்டர் நேராகச் சறுக்கினால், இறங்கும் உயரம் 1.74 மீட்டர், அதில் உராய்வு 1 மீட்டரை விழுங்கிவிடும், எஞ்சிய 0.74 மீட்டர் தரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. அதே 20 மீட்டர் 15 பாகைச் சரிவில் என்றால் மணிக்கு 33 கி.மீ.! இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6 மடங்கு. இந்தக் கணக்கில் எங்காவது நிறை வந்ததா என்று பாருங்கள். வரவில்லை. குழந்தை என்பதற்காகப் புவியீர்ப்பு சலுகை தருவதில்லை. போதாக்குறைக்கு, வளர்ந்தவரின் உயரத்தில் தலை ஏழரையில் ஒரு பங்கு. நான்கு வயதில் அது ஏறத்தாழ ஐந்தரையில் ஒரு பங்கு. மேலே பாரமான பொம்மை எளிதில் சாயும். ஆகவே தலைக்கவசமும், 5 பாகை அளவிலான சரிவும், கீழே தானாக நின்றுவிடும்படி சமதரையும் வேண்டும்.

பலகையை வாங்காமல் அங்கேயே வாடகைக்கு எடுக்கட்டும். காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு விசையில் விடவேண்டும் என்பதைக் குழந்தையின் எடைக்கு ஏற்பக் கடைக்காரர் அமைப்பார். நீண்ட பலகை ஒரு நெம்புகோல் அன்றோ? பூட்டு விடாவிட்டால் திருகப்படுவது முழங்கால். "அடுத்த ஆண்டுக்கும் ஆகும்" என்று பெரிய காலணி எடுக்கும் சிக்கனம் இங்கே கூடாது. கைத்தடிகள் இந்த வயதில் தேவையில்லை.

தாவோசில் போல்கன் என்ற சரிவு இருக்கிறது. எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற பொறியாளர் 1934-இல் தாம் வடிவமைத்த இழுவைக் கம்பியை அங்கேதான் நிறுவினார். சறுக்குபவர் ஒரு கொம்பைப் பிடித்துக்கொள்ள, ஓடும் கம்பி மேலே இழுத்துப் போகும். வளர்ந்தவருக்கு இடுப்புக்கு வரும் கொம்பு நம் குழந்தைக்கு முதுகுக்கோ தலைக்கோ வரும்! சிறுவர் பழகும் இடங்களில் தரையோடு ஊர்ந்து செல்லும் பட்டை போட்டிருப்பார்கள். அதில் நின்றால் போதும்.

இருபக்க வெயில்

டோர்னோ அளந்த கதிர்களுக்கு வருவோம். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுகிறது. புதுப்பனி அதில் நூற்றுக்கு எண்பது அளவைத் திருப்பி அனுப்புகிறது. புல்தரை திருப்பி அனுப்புவது மிகச் சிறிய பங்கே. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில்! தொப்பி கீழ் வெயிலைத் தடுக்காது. மோவாயின் அடியும் மூக்குத்துளை ஓரமும்கூடக் கன்றிப்போகும். கண்ணின் வெளிப்படலம் வெந்து போவதைப் பனிக்குருடு என்பார்கள். அதன் கொடுமை, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும் என்பது. பகலில் சிரித்து விளையாடிய குழந்தை இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் அழும். போதாததற்கு, குழந்தையின் கண்வில்லை வளர்ந்தவரின் வில்லையைவிட அதிகப் புற ஊதாக் கதிரை உள்ளே விடுகிறது. மேகமூட்டமான நாளிலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. "குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும்?" என்பது தவறான கேள்வி, வெப்பநிலைக்கும் புற ஊதாக் கதிருக்கும் நேரடி உறவு இல்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. கழித்தல் 10 பாகைக் காற்று, முழு ஈரத்தோடு இருந்தாலும், ஒரு கன மீட்டரில் 2.3 கிராம் நீராவிதான் தாங்கும். அதை அறைக்குள் 22 பாகைக்குச் சூடாக்கினால், 19 கிராமுக்கு மேல் தாங்கவல்ல காற்றில் 2.3 கிராம்! ஈரப்பதம் நூற்றுக்குப் பன்னிரண்டு. மூக்கு வறண்டு இரத்தம் கசியலாம். குழந்தைக்குத் தாகம் தெரியாமலே நீர் குறையும். துவைத்த துணிகளைப் படுக்கை அறையில் உலர்த்துவது இங்கே மருந்து. சமையலறை உள்ள வீடாகப் பார்க்கவேண்டும். தாவோசில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும். பிரஷர் குக்கர் இருந்தால் நல்லது.

முப்பது நாட்களின் அட்டவணை

முதல் மூன்று நாள் மலை ஏறவே வேண்டாம். ஊருக்குள் நடக்கட்டும், சறுக்குவண்டியை இழுக்கட்டும். அதன்பின் ஒரு வாரம் போல்கனில் காலை 10 மணிக்கு முக்கால் மணி நேரம். உள்ளே வந்து கையுறை மாற்றி, சூடாக எதையாவது குடித்து, விருப்பமிருந்தால் இன்னொரு முக்கால் மணி. பகலில் தூக்கம். இரண்டு நாள் பழகினால் மூன்றாம் நாள் ஓய்வு. இரண்டாம் வாரம் முடிந்தபின், காற்றில்லாத நல்ல வெயில் நாளில் இழுவை ரயிலில் மேலே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். மார்ச் பிறந்தபின் மதியத்துக்கு மேல் பனி இளகி, காலைச் சுற்றிப் பிடிக்கும்; காலைப் பொழுதோடு முடித்துக்கொள்ளவேண்டும்.

பெற்றோருக்கு என்ன மிச்சம்? முறை வைத்துத்தான் போகமுடியும். முப்பது நாளில் வந்த நாள், போகும் நாள், வார இறுதிகள், புயல் நாட்கள் போக இருபது நாள் என்றால், ஆளுக்குப் பத்து நாள்தான் முழுதாகக் கிடைக்கும். மாதம் முழுவதற்குமான சறுக்குச் சீட்டை வாங்குமுன், அதன் விலையை முப்பதால் அன்று, பத்தால் வகுத்துப் பார்க்கவேண்டும். ஒரு வாரத்துக்கு வருபவர்கள் கொடுத்த பணத்துக்கு ஈடாக மழலையையும் இழுத்துக்கொண்டு மலையேறுவதைப் பார்க்கும்போது, ஆபத்து மலையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இவர்களிடம் மாதம் இருக்கிறது. ஒரு நாள் வீணானால் குடி முழுகிவிடாது.

பத்து நாள் தனியே போகும் பெற்றோருக்கு ஒரு சொல். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் பனிப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவே ஒரு படலம் சர்க்கரைபோல் உதிரியானால், மேலுள்ளது முழுவதும் பலகையாகப் பெயர்ந்து ஓடும். இதை ஆராயும் நிறுவனமும் தாவோசிலேயே இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஐந்து படி அளவுகோலில் அபாயத்தை அறிவிக்கிறது. கொடி நட்ட, காவலுள்ள சரிவை விட்டு இவர்கள் விலகவேண்டியதில்லை.

கடைசி நாள் மேலே போகும்போது ஒரு காலிப் பிளாஸ்டிக் புட்டியை வைஸ்ஃப்ளூயோக்கில் திறந்து இறுக மூடி எடுத்து வரட்டும். தாவோசுக்கு வந்ததும் அது ஒடுங்கியிருக்கும்; ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 870 மில்லிலிட்டர் ஆகியிருக்கும். புட்டியை யார் நசுக்கியது என்று குழந்தை கேட்பாள். மறுநாள் லாண்ட்குவார்ட்டுக்கு இறங்கும் ரயிலில் அதே காற்று அவள் செவிப்பறையையும் அழுத்தும். பாலை ஒரே மூச்சில் குடிக்கவிடாமல், குளோஸ்டர்ஸ் தாண்டியும் மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும்.